ஆண்டோவர் பள்ளியின் 1942 வகுப்பு: ஒரு திருத்தம்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜூனில் அமெரிக்காவின் ஆண்டோவர் பிலிப்ஸ் அகாடமி என்ற உறைவிடப் பள்ளியில் படிப்பு முடித்தவர்களை ராணுவக் கட்டாய ஆள்சேர்ப்பு இழுத்துக்கொண்டது என அந்த வகுப்பைப் பற்றிய கட்டுரை ஒன்று சொல்கிறது. அது சரியல்ல. அப்போது கட்டாயச் சேர்ப்புக்கு வயது 20. அதை 18 ஆகக் குறைத்த சட்டம் நவம்பர் 13-இல்தான் வந்தது. அந்த வகுப்பு மாணவரும் பின்னாளில் அமெரிக்க அதிபருமான ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் தன் 18-ஆவது பிறந்தநாளான ஜூன் 12-இல் கடற்படையில் சேர்ந்தது சொந்த விருப்பத்தில். பட்டமளிப்பு விழாவில் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன், முதலில் படியுங்கள் என்றே அறிவுறுத்தியிருந்தார்!

உண்மையான நெருக்கடி 1943-இல் படிப்பு முடிக்கவிருந்த வகுப்புக்குத்தான். 1942 டிசம்பர் 5-க்குப் பிறகு 18 நிரம்பியவர் தானாகச் சேர முடியாது. எந்தப் படை என்ற தேர்வும் கைநழுவியது. கல்வியாண்டின் பிற்பாதியில் அழைப்பு வந்தால் ஆண்டிறுதிவரை தள்ளிவைக்கக் கேட்கலாம், அவ்வளவே. 17 வயதுக்காரருக்குக் கல்லூரியில் படித்தபடியே அதிகாரியாகப் பயிற்சி பெறும் கடற்படையின் வி-12 திட்டம் இருந்தது: 1943 ஏப்ரல் 2-இல் தகுதித் தேர்வு, ஜூலை 1-இல் தொடக்கம். பிறந்த மாதமே பலரின் பாதையைத் தீர்மானித்த கொடுமையைக் கட்டுரையில் சேர்த்தால் நன்று.