கால் தேறிவிடும், கை தேற நாளாகும்

ரோடு பைக், அதாவது மெல்லிய டயரும் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரும் உள்ள வேக சைக்கிள், வாங்கி மூன்று நான்கு மாதம் விடாமல் ஓட்டினால் யாருக்கும் கால் தேறிவிடும். ஆரம்பத்தில் மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்துக்கே மூச்சு வாங்கியவர் சமதளத்தில் 30-ஐத் தொட்டுவிடுவார். ஆனால் அந்த 30-ஐ அவசரத்துக்கு நிறுத்தத் தெரிந்த கையும், அந்த வேகத்தில் சாலையை முன்கூட்டியே படிக்கிற கண்ணும் மூன்று மாதத்தில் வந்துவிடாது. அதற்கு வருடக்கணக்கில் ஆகும், அதுவும் அதற்கென்றே நேரம் ஒதுக்கிப் பழகினால்தான். பொழுதுபோக்காக ஓட்டுகிறவர்களுக்கு இருக்கும் பெரிய ஆபத்து இந்த இடைவெளிதான் என்பது என் உறுதியான கருத்து. காலுக்காக, மிதிக்கிற சக்தியை அளக்கும் பவர் மீட்டர், வீட்டுக்குள் வண்டியை மாட்டி மிதிக்கும் டிரெய்னர், பயிற்சி அட்டவணை எல்லாம் வாங்குகிறோம். பிரேக் பிடித்துப் பழகுவதற்கென்று காலி மைதானத்தில் அரை மணி நேரம் செலவழிப்பவர் மிகக் குறைவு.

யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. எட்டு ஒன்பது கிலோ வண்டியில், சொந்தக் காலை மட்டும் நம்பி 100 கிலோமீட்டர் போய்வருகிற சுகத்துக்கு ஈடு சொல்வது கஷ்டம். சுத்தமாக எண்ணெய் போட்டு வைத்த செயின், பெடலில் நாம் கொடுக்கும் சக்தியில் 95 சதவீதத்துக்கு மேல் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சமதளத்தில் 30-இல் போகும்போது நம் உழைப்பின் பெரும்பகுதி காற்றை விலக்கத்தான் செலவாகிறது. அதனால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்பதை உடம்பே கற்றுக்கொள்கிறது. பின்காற்று நம் வேகத்துக்குச் சரியாக அடிக்கிற இடத்தில் காதில் இரைச்சல் சட்டென்று அடங்கி, செயின் ஓடுகிற சத்தமும் டயர் தாரில் உருளுகிற சத்தமும் மட்டும் கேட்கும். அந்தச் சில நிமிடத்துக்காகவே மறுநாளும் இருட்டோடு எழுந்து கிளம்பலாம். நீண்ட ஏற்றத்தில் மூச்சும் பெடலும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டால் அது இன்னொரு வகைச் சந்தோஷம். ஓடினால் வலிக்கிற முழங்கால்கூடப் பல பேருக்கு இதில் ஒத்துழைக்கிறது, தரையில் மோதுகிற அதிர்வு இல்லாததால்.

இனி கணக்குக்கு வருவோம். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டவேண்டுமென்றால் காற்றுக்கு எதிரான உழைப்பை மூன்றில் ஒரு பங்கு கூட்டவேண்டும். 30-இலிருந்து 33-க்குப் போவது அவ்வளவு பெரிய சாதனையாகத் தெரிவது அதனால்தான். இறக்கத்தில் அந்த உழைப்பே தேவையில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாலே 60 வந்துவிடும். சம்பாதிக்காமல் கிடைத்த வேகம் அது. 30-இல் போகிறவர் ஆபத்தைப் பார்த்து பிரேக் லீவரை அழுத்த ஒரு நொடி ஆகும் என்று வைத்தால், அதற்குள் எட்டு மீட்டர் கடந்துவிடுவார். காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் நிற்பதற்கு இன்னும் ஏழு மீட்டர். ஆக 15. 60-இல் போனால் அந்த ஒரு நொடிக்கு 17, பிரேக் பிடித்த பிறகு 28, மொத்தம் 45 மீட்டர். இது இரண்டு பிரேக்கையும் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தவரின் கணக்கு. பின் பிரேக்கை மட்டும் பிடிக்கிறவருக்குப் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

ஆனாலும் முன் பிரேக்கைத் தொடவே பயப்படுகிறவர்கள் நிறைய. "முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம்" என்று சிறுவயதில் சொல்லிக்கொடுத்தது மனதில் அப்படியே நிற்கிறது. நடப்பது இதுதான்: பிரேக் பிடித்ததும் உடம்பின் எடை முன்னால் சாய்கிறது, பின்டயரின் பிடி குறைகிறது, முன்டயரின் பிடி கூடுகிறது. நிறுத்துகிற வேலையைச் செய்யக்கூடிய டயர் முன்டயர்தான். கையை விறைப்பாக வைக்காமல் உடம்பையும் பின்னுக்குத் தள்ளாமல் லீவரை ஒரேயடியாக அழுத்துகிறவர்தான் தலைகுப்புறப் போகிறார்.

பழகும் முறை எளிது. வண்டி நடமாட்டம் இல்லாத, மணல் இல்லாத, காய்ந்த இடம் வேண்டும். முன் பிரேக் எந்தக் கையில் இருக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும், முதலில் அதைச் சரிபாருங்கள். 20-இல் வாருங்கள். இரண்டு பெடலும் தரைக்கு இணையாக இருக்கட்டும், கை ஹேண்டில்பாரின் கீழ்வளைவில். பிட்டத்தை சீட்டுக்குப் பின்னால் தள்ளி உடம்பைத் தாழ்த்தி, ஒவ்வொரு லீவரிலும் இரண்டு விரல் வைத்து, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்திக்கொண்டே போங்கள். பின் பிரேக்கை லேசாகப் பிடித்தால் போதும். பின்சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் எடை முழுக்க முன்னால் போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் கணமே முன் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இந்தத் தளர்த்துகிற அசைவுதான் முழுப் பாடமும். பத்து முறை செய்துவிட்டு 30-இல் அதையே செய்யுங்கள். தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, எந்த இடத்தில் நிற்கிறோம் என்று அளந்து பாருங்கள். மழை பெய்த தரையிலும் ஒரு நாள் பழகுங்கள். ரிம் பிரேக் (சக்கரத்தின் விளிம்பான ரிம்மையே கட்டை அழுத்திப் பிடிக்கும் வகை) உள்ளவர்கள், ஈரத்தில் முதல் ஓரிரு சுற்று ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைக்கவே போய்விடும் என்பதை அங்கேயே கையால் உணரவேண்டும், நடுச்சாலையில் அல்ல.

வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே பிரேக் வேலை முடிந்திருக்கவேண்டும். சாய்ந்திருக்கும் டயரின் பிடி முழுவதும் திரும்புவதற்கே செலவாகிறது. அப்போது பிரேக்கும் கேட்டால் முன்சக்கரம் வழுக்கிவிடும். 40-இல் எடுக்கும் வளைவை 30-இல் எடுத்தால் டயர் தாங்கவேண்டிய பக்கச்சுமை பாதியை ஒட்டிக் குறைகிறது. வெளிப்பக்கப் பெடலைக் கீழே இறக்கி அதன்மேல் எடையை வையுங்கள். உள்பக்கப் பெடல் கீழே இருந்தால் தரையில் இடித்துத் தூக்கிப்போடும். பார்வை வளைவு முடிகிற இடத்தில் இருக்கட்டும். குழியையே பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி குழிக்குத்தான் போகும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்காதீர்கள். அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். விடுகிற அந்த நேரத்தில்தான் ரிம்மோ டிஸ்கோ சூடு ஆறுகிறது. கார்பன் ரிம்மில் ரிம் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கினால், கார்பன் இழைகளைப் பிணைக்கும் பிசின் இளகி டயர் வெடிக்கிற அளவுக்கும் போகலாம். இறக்கத்தில் ஹேண்டில்பார் திடீரென்று இரண்டு பக்கமும் உதற ஆரம்பித்தால் இறுக்கிப் பிடிக்காதீர்கள், உதறல் கூடும். முழங்காலை ஃப்ரேமின் மேல்குழாயில் ஒட்டி, சீட்டிலிருந்து எடையைச் சற்றுத் தூக்கி, பிடியைத் தளர்த்தி, மெதுவாக வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடும்.

குரூப் ரைடு தனி உலகம். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் உழைப்பில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். பேசிக்கொண்டே 35-இல் போகிற சந்தோஷம் தனியாக ஓட்டுகிறவருக்குக் கிடைக்காது. அதே காரணத்தால், தனியாக ஓட்டினால் 28-ஐத் தாண்டாத ஒருவர் 35-இல் போய்க்கொண்டிருப்பார், அடுத்த சக்கரத்துக்கு அரை மீட்டர் இடைவெளியில். குழுவில் நடக்கும் விழுதல்களில் எனக்கு மிகவும் கவலை தருவது சக்கரம் சக்கரத்தோடு உரசுவது. நம் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறியிருக்கும்போது அவர் சற்று விலகினால் அவருக்கு ஒன்றும் ஆகாது, விழுவது நாம்தான். சைக்கிள் நிமிர்ந்து நிற்பதே முன்சக்கரம் இடமும் வலமுமாகத் திரும்பிச் சமாளிப்பதால்தான். அந்தச் சக்கரத்தை ஒரு பக்கம் தடுத்துவிட்டால் சமாளிக்க வழியே இல்லை. புதியவர்கள் குறைந்தது ஒரு முழுச் சக்கர இடைவெளி விடுங்கள், சுமார் 70 சென்டிமீட்டர். டயரையே பார்க்காமல் முன்னவரின் தோளுக்கு மேலாகப் பாருங்கள். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கப்போகிறவர், எழும்போது பெடலில் ஒரு அழுத்தம் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே எழவேண்டும். இல்லையென்றால் அவர் வண்டி ஒரு கணம் பின்னால் வந்து, பின்னால் இருப்பவரின் சக்கரத்தில் இடிக்கும். பல வருடம் ஓட்டுகிறவர்களே இதைக் கவனிப்பதில்லை.

வாகனங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இத்தாலிய வீரர் மிக்கேலே ஸ்கார்போனி 2017-இல் வீட்டருகே பயிற்சியின்போது வேன் மோதி இறந்தார். டாவிடே ரெபெலின் 2022-இல், ஓய்வுபெற்ற சில வாரங்களில், லாரி மோதி இறந்தார். உலகின் மிகச் சிறந்த கைத்திறன் இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், திறமை மட்டும் காப்பாற்றாது. பாதுகாப்பான சாலை கேட்பது நம் உரிமை, அதை விடாமல் கேட்போம். நம் பக்கம் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. நிறுத்திவைத்த கார்களிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி ஓட்டுங்கள், கதவு எப்போது வேண்டுமானாலும் திறக்கும். சந்திப்பில் லாரி, பஸ்ஸின் பக்கவாட்டு இடுக்கில் நுழையவே கூடாது: நீள வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தைவிட உள்வாங்கி வரும், டிரைவருக்கு அந்த இடம் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். பகலிலும் பின்விளக்கு எரியட்டும்.

ஹெல்மெட் கட்டாயம் போடுங்கள், ஆனால் அது எதற்கு என்று தெரிந்து போடுங்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 1078 சோதனையில், தட்டையான பரப்பில் ஹெல்மெட் மோதும் வேகம் நொடிக்கு 5.42 மீட்டர், அதாவது மணிக்கு 20-ஐ ஒட்டி. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் வருகிற வேகம் அது. சைக்கிளிலிருந்து சாய்ந்து தலை தரையில் இடிப்பதற்காகக் கணக்கிட்டது, கார் இடிப்பதற்காக அல்ல. ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும். தூக்கிப் போட்டுவிடுங்கள். விழுந்தபின் தலை சுற்றினால், என்ன நடந்தது என்று நினைவில்லாவிட்டால், வண்டி ஓடுகிற நிலையில் இருந்தாலும் மறுபடி ஏறக்கூடாது, மருத்துவரிடம் போகவேண்டும்.

கிளம்புமுன் இரண்டு நிமிடம் வண்டியைப் பாருங்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தம் எல்லை, அப்படியே அடிக்கவேண்டிய அளவு அல்ல. 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மில்லிமீட்டர் டயரில் 65 முதல் 75 பிஎஸ்ஐ போதும், முன்னால் மூன்று நான்கு குறைவாக. கல் மாதிரி அடித்தால் டயர் மேடுபள்ளத்தில் துள்ளும், பிடி போகும். ஹூக்லெஸ் ரிம் (டயரின் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாதது) என்றால் 72.5 பிஎஸ்ஐ-ஐத் தாண்டவே கூடாது. சக்கரத்தை ஃப்ரேமோடு இறுக்கும் குயிக் ரிலீஸ் லீவரை மூடும்போது உள்ளங்கையில் அதன் தடம் பதியவேண்டும், சும்மா மடங்கினால் இறுகவில்லை. ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் மூடி இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். மூடி இல்லாத வெறும் குழாய் விழும்போது வயிற்றிலோ தொடையிலோ குத்தி ஆழமாகக் கிழிக்கும். கார்பன் பாகங்களில் திருகுக்குப் பக்கத்தில் அச்சிட்ட நியூட்டன் மீட்டர் அளவை, பெரும்பாலும் ஐந்தை ஒட்டியிருக்கும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்குங்கள்.

கையின் திறமை உடம்பின் நிலையையும் பொறுத்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையில் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். மரத்த விரலால் பிரேக்கைப் பதமாகப் பிடிக்க முடியாது. சீட் முன்னால் சரிந்திருக்கிறதா, ஹேண்டில்பார் மிகத் தூரமா, மிகத் தாழ்வா என்று பாருங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கும், பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கும். ஒரு நேரத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகவேண்டும், பசிக்கும்வரை காத்திருக்காமல். சர்க்கரை தீர்ந்தால் கால் ஓய்வதோடு நிற்பதில்லை, நிதானமும் போய்விடும். பிரெவே ஓட்டங்களில், அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நெடுந்தூர ஓட்டங்களில், இதோடு தூக்கமும் சேரும். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 400-க்கு 27 மணி நேரம், 600-க்கு 40 என்ற வரம்பு தாராளமானது. சாலையோரத்தில் பத்திரமான இடம் பார்த்து இருபது நிமிடம் கண்ணயர அதில் இடம் இருக்கிறது. கண் சொக்கும்போது அடுத்த சோதனைச் சாவடி வரை இழுத்துப்பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நின்று தூங்குங்கள்.

கடைசியாக, குழு நடத்துகிறவர்களுக்கு. இறக்கத்தில் எடுத்த நேரத்தைச் செயலியில் போட்டு ஒருவரையொருவர் முந்துவதைக் குழுவில் பாராட்டாதீர்கள். ஏற்றத்து நேரத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போட்டி போடட்டும், அங்கே மிஞ்சிப்போனால் மூச்சு முட்டும். புதிதாகச் சேர்கிறவரிடம் சராசரி வேகம் கேட்காமல், 30-இல் வந்து கோட்டில் நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கையை எடுத்துச் சைகை காட்டவும், நேராக ஓட்டிக்கொண்டே பின்னால் திரும்பிப் பார்க்கவும் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் முதல் சில வாரம் குழுவின் கடைசியில் விடுங்கள், பக்கத்தில் அனுபவப்பட்ட ஒருவரோடு, நல்ல இடைவெளியோடு.