ஒருமுறை ஊதினால் போதுமா? சாட்ஸ்வொர்த்தில் பரவும் தவறான செய்தி

‘நுரையீரல் பரிசோதனையில் இன்ஹேலர் கொடுத்து மறுபடி ஊதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பில்லை இரட்டிப்பாக்கும் தந்திரம் அது; மெடிக்கல் எய்டும் (மருத்துவச் செலவை ஈடுசெய்யும் திட்டம்) பணம் தராது’ என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

மருந்துக்கு முன்னும் பின்னும் ஊதுவது ஒரே பரிசோதனையின் இரு பாதிகள். மருந்துக்குப் பின், முதல் விநாடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமாவுக்கு அது வலுவான அறிகுறி என்பது நெடுங்கால அளவுகோல். மறுத்தால் அந்தத் தடயமே கிடைக்காது. ஒவ்வொரு பாதியிலும் குறைந்தது மூன்று தடவை ஊத வைப்பதும் அளவு சரியாக அமைவதற்குத்தான். தடவைக்கு ஒரு கட்டணம் கிடையாது.

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி ஆஸ்துமாவும் சிஓபிடியும் (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) மெடிக்கல் எய்டுகள் கட்டாயம் ஈடுசெய்ய வேண்டிய நாள்பட்ட நோய்கள். நோய் உறுதியானால், அதைக் கண்டறியச் செய்த பரிசோதனையும் அதில் அடங்கும். உங்கள் மெடிக்கல் எய்டு நியமித்திருக்கும் மருத்துவரிடம் போகாவிட்டால் மட்டும் கையிலிருந்து கொஞ்சம் கட்ட நேரலாம்.

பணம் மறுக்கப்படப் பெரும்பாலும் பில்லில் மருத்துவர் எழுதும் நோய்க் குறியீடே காரணம். ஆஸ்துமாவுக்கு ஜே45 என்று எழுதாமல், இருமலுக்கான ஆர்05 என்றே விட்டால் மெடிக்கல் எய்டில் உங்கள் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கிலிருந்து பிடித்துவிடுவார்கள். பில்லைப் பாருங்கள், ஐயா, அம்மா. நோய் உறுதியாகியும் பழைய குறியீடே இருந்தால் மருத்துவரிடம் திருத்தச் சொல்லுங்கள். பிழையென்று திருப்பிய பில்லைச் சரிசெய்து அனுப்ப 60 நாள் உண்டு. அதற்கும் மெடிக்கல் எய்டு மசியாவிட்டால், இத்திட்டங்களைக் கண்காணிக்கும் மருத்துவத் திட்டங்கள் கவுன்சிலில் புகார் செய்யலாம்.