புரதத்துக்கு டின் பவுடர்தான் வேணுமோ?

புரதம் பற்றி நீங்கள் எழுதின கட்டுரையில நாளைக்கு ஒரு கிலோ உடம்பு எடைக்கு 0.8 கிராம் புரதம் வேணும் எண்டு போட்டிருக்கிறியள், சரிதான், ஆனா கடைசியில புரோட்டீன் பவுடர் வாங்கச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கேல்ல. நான் 60 கிலோ, அப்ப நாளைக்கு 48 கிராம் காணும், திருகோணமலை உப்புவெளிக் கரையில விடிய வலையில இருந்து தட்டி எடுக்கிற சூடை மீன் 100 கிராம் திண்டாலே கிட்டத்தட்ட 20 வந்திடும், முட்டை ஒண்டில 6, பிறகு பருப்புக்கறி இருக்குத்தானே. எங்கட அம்மா காலமை அவிச்ச பயறுக்குத் தேங்காய்ப்பூ போட்டு கட்டச்சம்பலோட தருவா, ஆஹா! மகன் ஜிம்முக்கெண்டு வாங்கின டின் அரைவாசி கட்டிபட்டுக் கிடக்கு, எறும்புகூட எட்டிப் பாக்கேல்ல. கிட்னி வருத்தம் உள்ள ஆக்கள் டொக்டரைக் கேட்டுத்தான் புரத அளவு பாக்கோணும், அதை எழுத மறந்திட்டியள்.