வாங்கிவிட்டு மாற்றிப் போட்டால் பாவமா?

2019 நாடாளுமன்றத் தேர்தல் எங்களுக்கு ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று வந்தது. ஏப்ரல் 18. தேதியை மாற்றச் சொல்லிக் கோர்ட் வரை போயும் மாறவில்லை. காலையில் பங்குப் பள்ளிக்கூடத்தில் ஓட்டு, சாயங்காலம் பக்கத்திலேயே கோயிலில் பாதம் கழுவும் சடங்கு. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர் எங்களுடையது. ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்தப் படகுகளை நம்பியிருக்கிற வீடுகளில் கையில் காசு புரளாது. அந்த வாரம் பார்த்துத்தான் ஓட்டுக்குக் காசு வைத்த கவர் வந்தது.

புதன்கிழமை ராத்திரி நான் பெரியம்மா வீட்டில் இருந்தேன். வந்தவர் வெளியாள் இல்லை. எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீட்டார் சேர்ந்து ஜெபிக்கிற குழுவில், முன்னால் உட்கார்ந்து ஜெபமாலை சொல்கிறவர். கையில் வாக்காளர் பட்டியலின் ஜெராக்ஸ், பெயர்களுக்கு நேரே பேனாவில் டிக். பெரியம்மா வீட்டில் நாலு ஓட்டு, ஓட்டுக்கு 500. எண்ணிக் கொடுத்துவிட்டு, "மாமி, மாதா மேல கை வச்சுச் சொல்லிருங்க" என்றார். பெரியம்மா ஒரு நிமிஷம் தயங்கினார். அப்புறம் மாடத்தில் இருந்த மாதா சுரூபத்தின் பாதத்தைத் தொட்டுச் சொன்னார். அதே பாதத்தில்தான் அன்று காலை மல்லிகைச் சரம் வைத்திருந்தார், அது வாடி அங்கேயே கிடந்தது.

மறுநாள் காலையில் பூத்துக்கு நடந்து போகும்போது என்னிடம் கேட்டார். "மக்கா, எனக்கு அவனுக்குப் போட மனசே இல்ல. ஆனா வாங்கிட்டு மாத்திப் போட்டா பாவம்லா? மாதா மேல சத்தியம் வேற பண்ணியாச்சு."

நான் சொன்ன பதில்: "சத்தியம் பண்ணியாச்சுன்னா போட்டுருங்க பெரியம்மா."

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிற ஆள் நான். அந்த ஒரு வரியில் ஒரு நல்ல மனுஷியின் மனச்சாட்சியை நானே அடைத்துவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

விசுவாசம் என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு அர்த்தம் இருக்கிறது. கோயிலில் சொன்னால் கடவுள் மேல் உள்ள நம்பிக்கை. வெளியே சொன்னால் வாங்கியதற்குக் காட்டுகிற நன்றி. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்த சனம் நாம். காசு கொடுக்கிற கட்சிக்காரருக்கு இது நன்றாகவே தெரியும், நம்முடைய இந்த நல்ல குணத்தைத்தான் அவர் விலைக்கு வாங்குகிறார். நம் மக்கள் பாவம் என்று பயப்படுவது காசு வாங்கியதற்கு இல்லை, வாங்கிவிட்டு மாற்றிப் போட்டதற்கு. பாவசங்கீர்த்தனத்தில், சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, அதைத்தான் சொல்கிறார்கள்.

திருச்சபை சொல்வது நேர் எதிர். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2152ஆம் எண்ணைப் பாருங்கள். தீய காரியத்தைச் செய்வதாக ஆணையிடுவதே கடவுளின் பெயரின் புனிதத்துக்கு எதிரானது என்று இருக்கிறது. திருச்சபைச் சட்டத்தில் 1201ஆம் பிரிவு இன்னும் தெளிவு: பிறருக்கோ பொதுநலனுக்கோ நேரடியாகக் கேடு செய்கிற ஒரு செயலுக்கு ஆணை வலுச் சேர்க்காது. அதாவது பெரியம்மா மாதா மேல் செய்த சத்தியம் அவரைக் கட்டவே இல்லை. நற்செய்தியிலேயே இதற்கு ஆள் இருக்கிறார். ஏரோது அரசன். விருந்தில் நடனமாடிய பெண்ணிடம், கேட்டதைத் தருகிறேன் என்று எல்லார் முன்னாலும் ஆணையிட்டுவிட்டான், அவள் கேட்டது திருமுழுக்கு யோவானின் தலை என்றதும் அவனுக்கே வருத்தம், ஆனாலும் சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று வெட்டச் சொன்னான். சத்தியத்தைக் காப்பாற்றினான் என்று யாராவது அவனைப் பாராட்டியிருக்கிறோமா?

உடனே ஒருவர் சொல்வார், அப்படியென்றால் காசை வாங்கிக்கொள்வோம், ஓட்டை மனசுப்படி போடுவோம், நம்மிடம் அடித்த காசுதானே என்று. இதை மேடையிலேயே சொல்கிற தலைவர்கள் உண்டு. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. காப்பாற்றும் எண்ணமே இல்லாமல் ஆணையிடுவதற்குப் பெயர் பொய்யாணை, அதே 2152 அதையும் சொல்கிறது. தெரியாமல் வாங்கிச் சத்தியமும் செய்துவிட்டவருக்கு ஒரு வழி இருக்கிறது: சத்தியம் செல்லாது, மனச்சாட்சிப்படி போடுங்கள், போய் ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) செய்யுங்கள். ஆனால் திட்டம் போட்டு வாங்கி, திட்டம் போட்டு ஏமாற்றுவதைச் சாமர்த்தியம் என்று பிள்ளைகள் முன்னால் பேசாதீர்கள்.

ஏழைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தடைக்காலத்தில் நாலு ஓட்டுக்கு 2000 ரூபாய் என்றால் பத்து நாள் வீட்டுச் செலவு. அந்தப் பசியைக் கணக்குப் போட்டு வருகிறவன்மேல்தான் கோபம், அவனோடு பட்டியலைத் தூக்கிக்கொண்டு வருகிற நம் அன்பியத்து ஆள்மேல் அதைவிட அதிகம். எங்கள் ஊரில் கவர் வருவதற்கு முந்தின நாள், 16ஆம் தேதி, வேலூர் தொகுதியில் கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டதால் தேர்தலையே ரத்து செய்தார்கள். நாடே டிவியில் பார்த்தது. மறுநாளே எங்கள் தெருவில் எந்தக் கூச்சமும் இல்லாமல் நடந்தது. சட்டப்படி கொடுப்பவர் மட்டும் இல்லை, வாங்குபவரும் குற்றவாளி, ஓராண்டு வரை சிறை என்பது பெரியம்மாவுக்குத் தெரியாது. அவரிடம் கொடுத்தவருக்குக் கட்டாயம் தெரியும்.

இன்னொன்று. வரி கட்டுவதும் ஓட்டுப் போடுவதும் ஒழுக்கக் கடமை என்று மறைக்கல்வி நூல் 2240ஆம் எண்ணில் சொல்கிறது. அது எந்தக் கட்டளையின் கீழ் வருகிறது தெரியுமா? நான்காம் கட்டளை. தாய் தந்தையை மதித்து நட என்பதன் கீழ். இதை நான் முதல்முறை கவனித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெற்றவர்களுக்குச் செய்யும் கடமையின் வரிசையில் ஓட்டை வைத்திருக்கிறார்கள், நாம் அதை 500 ரூபாய்க்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் சாமியார்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், மரியாதையோடுதான் கேட்கிறேன். தேர்தலுக்கு முந்தின ஞாயிறு பிரசங்கத்தில் "யாருக்குப் போடணும்னு உங்களுக்கே தெரியும்" என்று ஜாடையாகச் சொல்லி முடிக்கிறீர்கள். அது உங்கள் வேலை இல்லை. கட்சி அரசியலில் குருக்கள் முனைப்பாக ஈடுபடக் கூடாது என்பது திருச்சபைச் சட்டத்திலேயே 287ஆம் பிரிவில் இருக்கிறது. கடவுளின் கோபம் வரும் என்று சொல்லி ஓட்டைத் திருப்பப் பார்ப்பது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடும்கூட. ஆனால் கவர் வாங்காதே, மாதா மேல் சத்தியம் கேட்கிறவனை வாசலோடு அனுப்பு என்று பீடத்திலிருந்து சொல்ல எந்தச் சட்டமும் தடுக்கவில்லையே. அதைச் சொல்லி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை. தவக்காலத்தில் ஒப்புரவுக்குத் தயாரிக்கக் கொடுக்கிற ஆன்ம சோதனைத் தாளில் "ஓட்டுக்குப் பணம் வாங்கினேனா, கொடுக்கத் துணை போனேனா" என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்.

நம்ம ஆள், நம்ம வேதக்காரர் (கிறிஸ்தவர்) என்று பார்த்துப் போடுவதையும் நான் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். திருச்சபை கேட்பது பொதுநலன். 2019இல் நாங்கள் வரிசையில் நின்றபோது ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள்மேல் நடந்த தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் தண்ணீர், எங்கள் காற்று, செத்துப்போன பிள்ளைகளுக்கு நியாயம், இதையெல்லாம் மனசில் வைத்து யாருக்கு வேண்டுமானாலும் போட்டிருக்கலாம், அது அவரவர் மனச்சாட்சி. ஆனால் பெரியம்மா அன்று அதில் எதையும் உள்ளே கொண்டு போகவில்லை. சத்தியத்தை மட்டும் கொண்டு போனார், நான் சொன்னபடி. சாயங்காலம் பாதம் கழுவும்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

2021 தவக்காலத்தில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏரோது கதையையும் சொன்னேன். "அப்ப அன்னிக்கு ஏன் மக்கா அப்படிச் சொன்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது பெரியம்மா என்றேன்.

அந்த வருஷம் ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல். 4ஆம் தேதி ஈஸ்டர், அன்று ராத்திரி ஏழு மணிக்குப் பிரச்சாரம் முடிந்தது. எட்டரைக்கு அதே ஆள், அதே ஜெராக்ஸ், இந்தத் தடவை முகத்தில் மாஸ்க். "எல்லாரும் வாங்கியாச்சு மாமி, உங்க வீடு மட்டுந்தான் பாக்கி" என்றார். பெரியம்மா பதில் சொல்லவில்லை. எழுந்து போய் மாடத்தில் இருந்த மாதா சுரூபத்தை இரண்டு கையாலும் எடுத்து உள்ளறைக்குக் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து, "ஈஸ்டர் கேக் இருக்கு, சாப்பிட்டுட்டுப் போ தம்பி" என்றார்.