கடைசிக் கால் சுற்று

கார் நோண்டுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்த இடத்தில் "வீல் நட்டு எவ்வளவு டைட் வைக்கணும்ணே?" என்று ஒருத்தர் வாயைத் திறந்தால் போதும், கச்சேரி களைகட்டிவிடும். "இத்தனை வருஷமா செய்யுறோம், கைக்குத் தெரியாதா?" என்று ஒரு கட்சி. "டார்க் ரெஞ்ச் இல்லாம நட்டைத் தொடாதே" என்று எதிர்க்கட்சி. டார்க் ரெஞ்ச் என்பது முறுக்கை அளக்கும் ஸ்பேனர், வைத்த அளவு வந்ததும் கிளிக் என்று சொல்லும். நடுவில் ஒருத்தர் சாவகாசமாகக் கையைத் துடைத்துக்கொண்டே, "டைட் ஆனதும் இன்னொரு கால் சுற்று, அவ்வளவுதான் தம்பி" என்பார். அந்தக் கால் சுற்றில் போன மரைகளை (போல்ட்டிலும் நட்டிலும் இருக்கும் சுருள் வெட்டு) எடை போட்டால் புதுசாக ஒரு டூல் பாக்ஸ் வாங்கலாம்.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. மரை சுத்தமா, எண்ணெய் பட்டிருக்கா, துரு இருக்கா என்று இரண்டு கட்சியும் கேட்பதே இல்லை. அதுதான் என் குறை.

போல்ட்டை ஒரு கெட்டியான ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கும்போது அது மயிரிழை அளவுக்கு நீள்கிறது. சுருங்கப் பார்க்கும் அந்த இழுவைதான் வீலைப் பிடித்துக்கொள்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் கிட்டத்தட்ட பாதி, நட்டின் அடிப்பக்கம் தேய்வதிலேயே போய்விடும். இன்னொரு 40 சதவீதம் மரைக்குள் தேய்வதில் போகும். போல்ட்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது சுமார் 10 சதவீதம். ஆக, ரெஞ்ச் அளப்பது பெரும்பாலும் உராய்வைத்தான். உராய்வு கொஞ்சம் மாறினாலும் மிஞ்சுகிற அந்தப் பத்து பலமாக மாறிவிடும்.

எம் 12, அதாவது 12 எம்எம் குறுக்களவுள்ள வீல் போல்ட் ஒன்றுக்கு 100 நியூட்டன் மீட்டர் (முறுக்கை அளக்கும் அலகு) வைக்கிறோம். மரை சுத்தமாக, உலர்ந்து இருந்தால் பிடிமானம் சுமார் 4.2 டன் வரும். அதே மரையில் "அடுத்த தடவை கழற்ற ஈஸியா இருக்குமே" என்று கிரீஸ் தடவிவிட்டு அதே 100 வைத்தால் சுமார் 5.7 டன். 8.8 தரத்து (8.8, 10.9 என்பவை போல்ட்டின் வலிமைத் தரங்கள்) எம் 12, நெருக்கமான பொடி மரை போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்குகிற அளவு 5.2 டன்தான். ரெஞ்ச் பவ்யமாகக் கிளிக் சொல்லும், போல்ட் எல்லையைத் தாண்டியிருக்கும். 10.9 தரமாக இருந்தால் 7.4 டன் வரை தாங்கும், அதனால் அன்றைக்குத் தப்பிக்கும். அதற்கு மேல் நம்ம கால் சுற்று ஆசாமி கை வைத்தால் கதை முடிந்தது.

துருப் பிடித்த மரையில் நடப்பது இதற்கு நேர் எதிர். முறுக்கு முழுவதையும் துருவே தின்றுவிடும். கிளிக் வந்துவிட்டது என்று நிம்மதியாகக் கிளம்புவோம், உள்ளே பாதிப் பிடிமானம்கூட இருக்காது. ஓட ஓட நட்டு தளரும்.

அதனால் வீல் போல்ட்டில் ஆன்டி-சீஸ் (இறுகி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தடவும் களிம்பு) தடவலாமா என்ற நிரந்தரச் சண்டைக்கு என் பதில்: வண்டி தயாரித்தவர் தடவச் சொல்லாத வரை வேண்டாம். கம்பி பிரஷ், உலர்ந்த துணி, முடிந்தது. தடவியே தீருவேன் என்றால் ஹப் முகத்தில், அலாய் வீல் வந்து உட்காரும் இடத்தில், மெல்லிய படலமாகத் தடவுங்கள். அலுமினியமும் இரும்பும் ஒட்டிக்கொண்டு வீல் வரமாட்டேன் என்று அடம்பிடிப்பது அங்கேதான். நட்டு உட்காரும் சரிவில் துளிகூடப் படக்கூடாது. அந்தச் சரிவிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சில வீலுக்குக் கூம்பு முக நட்டு, சிலதுக்கு உருண்டை முகம், சிலதுக்குத் தட்டை. வீலை மாற்றிவிட்டுப் பழைய நட்டையே போட்டால் முழு முகமும் படாமல் ஒரு கோடு மட்டும் படும். டார்க் சரியாகக் காட்டும், வீல் நிற்காது.

டார்க் ரெஞ்ச் கட்சிக்காரர்களுக்கு இப்போது கொஞ்சம். வாங்கினால் மட்டும் போதாது. கிளிக் என்றதும் நிறுத்தணும். "உறுதிப்படுத்திக்கிறேன்" என்று மூன்று தடவை கிளிக் கிளிக் கிளிக் அடிப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் நட்டைத் துளித்துளியாக நகர்த்துகிறார்கள். வெட்டி வெட்டி இழுக்காமல், பிடியின் நடுவில் கை வைத்து ஒரே சீராக இழுக்கணும். கழற்றுவதற்கு அதை எடுக்கக்கூடாது, அதற்கு நீளமான பவர் பார் இருக்கிறது. வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கொண்டுவந்து வைக்கணும், அதற்கும் கீழே கழற்றிவிடக்கூடாது. நல்ல ரெஞ்சே 4 சதவீதம் கூடக் குறையக் காட்டும், அதுவும் அதன் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேதான் நம்பலாம். 200 வரை போகிற ரெஞ்சை வைத்துக்கொண்டு 10 நியூட்டன் மீட்டர் போல்ட்டை இறுக்கினால் கிளிக் வரும் முன்னாடி போல்ட்டின் தலை கையோடு வந்துவிடும்.

அளவுக் குழப்பம் தனி வேடிக்கை. ஒரே கைப்பிடியில் நியூட்டன் மீட்டர் ஒரு பக்கம், அடி-பவுண்டு மறுபக்கம். 100 என்று பார்த்துவிட்டுத் தப்பான பக்கத்தில் திருப்பினால் 136 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். 80 அங்குல-பவுண்டு என்று புத்தகம் சொன்னதை 80 அடி-பவுண்டு என்று படித்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். முதலாவது வெறும் 9 நியூட்டன் மீட்டர், இரண்டாவது 108. சாக்கெட்டுக்கு மேல் நேராக எக்ஸ்டென்ஷன் ராடு போட்டால் அளவு மாறுமா என்று வாரம் ஒருத்தர் கேட்கிறார். கையால் இழுக்கும் வரை மாறாது. இம்பாக்ட் ரெஞ்சில் மாறும். ஆனால் ரெஞ்சின் நீளத்தோடு நேராகச் சேர்கிற நண்டுக்கால் ஸ்பேனர் (ரெஞ்சின் முனையில் மாட்டும் திறந்த வாய் ஸ்பேனர்) போட்டால் கணக்கு மாறும்: கைப்பிடி நடுவிலிருந்து 40 செ.மீ. நீளமுள்ள ரெஞ்ச், 5 செ.மீ. நண்டுக்கால் என்றால் 100 வேண்டிய இடத்தில் 89-தான் வைக்கணும். அதையே 90 டிகிரி திருப்பி மாட்டினால் எதையும் மாற்ற வேண்டாம்.

ரெஞ்சே இல்லையா? பெட்டி எடை பார்க்கிற தொங்கு தராசு போதும். நட்டின் நடுவிலிருந்து 40 செ.மீ. தள்ளி ஸ்பேனரில் மாட்டி, செங்குத்தாக 25 கிலோ காட்டும் வரை இழுத்தால் 98 நியூட்டன் மீட்டர். ஸ்பேனரில் பைப்பைச் செருகி மேலே ஏறி நிற்கிற வீரர்களுக்கும் இதே கணக்கு: 70 கிலோ ஆள், அரை மீட்டர் பைப், சுமார் 343. வேண்டியதைப் போல மூன்றரை மடங்கு.

இனி கைக் கட்சி. இவர்களைக் கிண்டல் செய்வது சுலபம், ஆனால் பல இடங்களில் இவர்கள் பக்கம்தான் நியாயம். ஆயில் ஃபில்டரை எடுங்கள். பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கணும். அதன் மேலேயே புதுசைப் போட்டால் எஞ்சின் ஸ்டார்ட் ஆன கொஞ்ச நேரத்தில் தரை முழுக்க ஆயில். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, முகத்தைத் தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று. ஸ்பேனர் கழற்ற மட்டும்தான்.

ஸ்பார்க் ப்ளக்கும் அப்படித்தான். எஞ்சின் ஆறினபிறகு, ப்ளக்கின் வெள்ளைப் பகுதியில் ஒரு ரப்பர் ஹோஸ் துண்டைச் செருகி அதை வைத்தே திருப்பி உள்ளே விடுங்கள். மரை குறுக்கே ஏறினால் ஹோஸ் வழுக்கும், அலுமினிய ஹெட் பிழைத்துக்கொள்ளும். ராட்செட்டோடு நேராக இறங்குகிறவர்களுக்கு அந்த எச்சரிக்கை கிடைக்காது. அடிவரை விரலால் போனபிறகு, வாசர் உள்ள 14 எம்எம் புது ப்ளக் என்றால் அரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்று. கழற்றி மாட்டும் பழைய ப்ளக் என்றால் வாசர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். வாசர் இல்லாத கூம்பு வகைக்குப் பதினாறில் ஒரு பங்கு. அளவாகச் சொன்னால் 14 எம்எம் வாசர் ப்ளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், மரை உலர்ந்திருக்கணும்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. சுற்றைக் கணக்கெடுத்து இறுக்குவது, டார்க் அளந்து இறுக்குவதைவிட நம்பகமானது. சுற்று நேராக போல்ட்டின் நீட்சியைச் சொல்கிறது, உராய்வு அதில் குழப்பம் செய்ய முடியாது. சிலிண்டர் ஹெட் போல்ட்டுக்குப் பல எஞ்சின்களில் முதலில் சின்ன டார்க், பிறகு 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி என்று கொடுப்பதன் காரணம் இதுதான். அப்படி எல்லை வரை நீட்டி வைக்கிற போல்ட்டைக் கழற்றினால் புதுசுதான் போடணும்.

அப்படியென்றால் கால் சுற்று அண்ணன் சொன்னது சரியா? எங்கிருந்து கால் சுற்று என்பதுதான் கேள்வி. முகத்தோடு முகம் தொட்ட இடத்திலிருந்து எண்ணினால் அது பொறியியல். பல்லைக் கடித்து இறுக்கி முடித்த இடத்திலிருந்து எண்ணினால் அது சம்பில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) மரை கழற்றும் வழி.

சம்ப் என்றதும் ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட் ஞாபகம் வருகிறது. அலுமினிய சம்ப், இரும்பு போல்ட்: இதில் யார் தோற்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயில் கசிந்தால் உடனே எல்லோரும் இன்னும் இறுக்குகிறார்கள். கசிவை நிறுத்துவது நசுங்கும் வாசர், அதை ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதுசாகப் போடணும். மரை போகும்போது கைக்கு நன்றாகவே தெரியும்: ஏறிக்கொண்டே வந்த கெட்டித்தனம் திடீரென்று இளகி, ஸ்பேனர் சுகமாகத் திரும்பும். அந்தச் சுகம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். பிறகு வேலை மரைக் காயில் கிட்டுக்கு, போன மரைக்குப் பதில் புது மரையாக ஒரு கம்பிச் சுருளை உள்ளே வைப்பது அது. கிட்டோடு வந்த டிரில் பிட்டால் மட்டும் துளை, மரை வெட்டும் டேப்பின் பள்ளங்களில் கெட்டி கிரீஸ் நிரப்பினால் சீவல் அதில் ஒட்டிக்கொள்ளும், அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று நேராக இறக்கணும். காயில் மேல் முகத்துக்கு அரைச் சுற்று உள்ளே போய் உட்காரணும், அதன் வாலை உடைத்து எடுக்கணும். கடைசியில் போல்ட்டை மாட்டாமல் கொஞ்சம் ஆயிலை மேலிருந்து ஊற்றிவிட்டால் மிச்ச சீவல் வெளியே வந்துவிடும்.

10 எம்எம் சாக்கெட் மட்டும் ஏன் காணாமல் போகிறது என்பது நம்ம சங்கத்தின் தேசிய ஜோக். காரணம் மர்மம் ஒன்றும் இல்லை. எம் 8 போல்ட்டின் தலை ஐரோப்பிய வண்டியில் 13, ஜப்பான் வண்டியில் 12. எம் 10 என்றால் ஐரோப்பிய வண்டியில் 16 அல்லது 17, ஜப்பான் வண்டியில் 14. எம் 6-க்கு மட்டும் எல்லா இடத்திலும் 10. பேட்டரி கிளாம்ப், பிளாஸ்டிக் மூடி, சென்சார் பிராக்கெட் என்று எங்கும் அதுதான், எடுக்கிற தடவை கூடக் கூட எஞ்சின் சந்தில் விழுகிற தடவையும் கூடும். எம் 6 தாங்குவது பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் சுமாருக்குத்தான். ராட்செட்டின் வால் நுனியைப் பிடிக்காமல் கழுத்தைப் பிடித்துத் திருப்பினால் உடையாது.

மாட்டிக்கொண்ட போல்ட் என்றால் "டபிள்யூடி-40 அடி" என்று ஒரே குரலில் கோஷம். 1953-ல் தண்ணீரை விரட்டித் துருவைத் தடுப்பதற்காகச் செய்த கலவை அது, 40-வது முயற்சியில் சரிவந்ததால் அந்தப் பேர். துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே தனி எண்ணெய் விற்கிறது. கம்பி பிரஷ் போட்டு, அதை அடித்து, சில மணி நேரம் சும்மா விடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட்டை ஒதுக்கிவிட்டு ஆறு முனை சாக்கெட்டைப் போடுங்கள், முதலில் ஒரு நூல் இறுக்கிவிட்டுப் பிறகு கழற்றுங்கள். போல்ட் தலையில் சுத்தியலால் நாலு தட்டு. அதற்கும் மசியாவிட்டால் நட்டுக்கு மட்டும் சூடு. இங்கே கிண்டல் இல்லை: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் டார்ச்சோ வெல்டிங்கோ வைக்காதீர்கள். பாஸ்ஜீன் வாயு வரும், ஆளைக் கொல்லும்.

ஜாக்கி விஷயத்தில் விவாதமே கிடையாது. ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. சிமென்ட் கல் சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும்.

வீலுக்குத் திரும்பினால், வண்டி தரையில் இருக்கும்போதே நட்டை லேசாகத் தளர்த்தணும். மாட்டும்போது தூக்கிய நிலையில் ஒன்று விட்டு ஒன்று நட்சத்திரக் கணக்கில் முகம் தொடும் வரை, இறக்கிய பிறகு அதே வரிசையில் முழு டார்க். 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், வீல் ஆறினபிறகு மறுபடி ஒரு தடவை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். நட்டு அசையாமல் கிளிக் வந்தால் நல்லது. ஒன்று மட்டும் நன்றாகத் திரும்பினால், அதை இறுக்கிவிட்டுப் போய்விடாமல் வீலைக் கழற்றி ஹப் முகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு துருப் பொருக்கோ, பெயின்ட்டோ, காய்ந்த மண்ணோ உட்கார்ந்திருக்கும்.