கணக்கு டீச்சர் பயிற்சியில் கணக்கைக் கேட்டது குற்றமா?

இரண்டு நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். மூன்று நாள் கணக்கு ஆசிரியர் பயிற்சி முடிந்த அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்து, பாதியில் அழித்துவிட்டேன். ஆனால் "சிலர் பயிற்சிக்கு வந்தாலும் நமக்கே பாடம் எடுப்பார்கள்" என்று ஒரு சார் எங்கள் ஆசிரியர் குரூப்பில் போட்டதும், அதன் கீழே வரிசை கட்டிய சிரிப்பு பொம்மைகளும் இருக்கின்றனவே... பெயர் போடாவிட்டால் யாரென்று தெரியாதா? நான்தான் அது. கடைசி அமர்வில் எழுந்து நின்ற டீச்சர்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாகத் திருப்பிப் பெருக்குகிறோம், இதை ஒரு பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது? பயிற்சி நடத்திய கருத்தாளர் வாட்சைப் பார்த்தார். "விதியைப் பதிய வையுங்க டீச்சர், காரணமெல்லாம் பெரிய வகுப்புல பார்த்துக்குவாங்க" என்றார். அரங்கமே சிரித்தது.

பேனரில் 'கணக்கு ஆசிரியர்களுக்கான பயிற்சி' என்றுதான் இருந்தது. முதல் நாள் பந்தைத் தூக்கிப் போட்டுப் பெயர் சொல்லும் விளையாட்டு. இரண்டாம் நாள் மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி. மூன்றாம் நாள் குழுவாக உட்கார்ந்து சார்ட்டில் 'நல்ல ஆசிரியரின் பண்புகள்' எழுதினோம். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள ஒருவர் வாசித்தார், எல்லோரும் கைதட்டினோம். தப்பே இல்லை. ஆனால் கணக்கு எங்கே? எங்களுக்குப் பதில் வரலாற்று ஆசிரியர்களை உட்கார வைத்திருந்தாலும் ஒரு ஸ்லைடைக்கூட மாற்றியிருக்க வேண்டாம்.

இந்தக் கேள்வியை நான் அங்கே வைத்துத் தயாரித்ததாக நினைக்கிறார்கள். இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு பிள்ளை கேட்டது. "வகுத்தா குறையும்னுதானே டீச்சர் சொன்னீங்க? ஆறை அரையால வகுத்தா எப்படிப் பன்னிரண்டு வந்துச்சு?" எவ்வளவு அழகான கேள்வி! நான் சொன்ன பதில், "அதுதான் விதி, எழுதிக்கோ." அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டது. அந்த வருடம் முழுக்க என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. கருத்தாளர் என்னிடம் சொன்ன பதிலும் கிட்டத்தட்ட அதுதான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொல்லிப் பாருங்கள். திருப்பிப் பெருக்கினால் மூன்றரை. இப்போது அதற்கு ஒரு கதை சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் "ஒன்றே முக்கால் மீட்டர் ரிப்பனை இரண்டு பேருக்குப் பங்கு வைத்தால்" என்று ஆரம்பிப்பார்கள். அது இரண்டால் வகுப்பது, அரையால் அல்ல. நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றே முக்கால் மீட்டரில் எத்தனை அரை மீட்டர் துண்டு வரும் என்பதுதான் சரியான கதை. மூன்று துண்டு போக, கால் மீட்டர் மிஞ்சும். உடனே பிள்ளைகள் "மூன்றேகால்" என்பார்கள். பாடமே அங்கேதான் இருக்கிறது! மிஞ்சியது கால் மீட்டர்தான், ஆனால் நாம் எண்ணுவது அரை மீட்டர் துண்டுகளை. கால் மீட்டர் என்பது பாதித் துண்டு, அதனால் மூன்றரை. ஒரு மீட்டரில் இரண்டு அரை இருப்பதால்தான் இரண்டால் பெருக்குகிறோம். இதைப் பேச மூன்று நாளில் பத்து நிமிடம் கிடைக்கவில்லை. பந்து விளையாட்டுக்கு நாற்பது நிமிடம் கிடைத்தது.

"இத்தனை வருஷ சர்வீஸ், இது கூடத் தெரியாதா?" என்று ஒருவர் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார். ஐயா, இதே ஒன்றே முக்கால் கணக்கை 23 அமெரிக்க ஆசிரியர்களும் 72 சீன ஆசிரியர்களும் எப்படிச் செய்தார்கள் என்று லிப்பிங் மா என்ற கல்வி ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தார். 1999-ல் அது புத்தகமாக வந்தது. சீன ஆசிரியர்கள் அத்தனை பேரும் விடையைச் சரியாகப் போட்டார்கள். அமெரிக்கர்களில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. அந்த அமெரிக்கர்களில் பொருத்தமான கதை சொன்னவர் ஒரே ஒருவர். இத்தனைக்கும் படித்த வருடங்கள் அமெரிக்கர்களுக்குத்தான் அதிகம். சீன ஆசிரியர்கள் வேலைக்கு வந்த பிறகு பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசிக் கற்றுக்கொண்டார்கள். அதாவது, எழுந்து நின்று கேட்டவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பாடம் தெரிவது வேறு, அதைக் கற்பிப்பதற்கென்று வேண்டிய அறிவு வேறு என்று அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-லேயே எழுதிவிட்டார். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

"கருத்தாளர் பாவம், மேலிருந்து கொடுத்த கையேட்டைத்தானே அவர் நடத்த முடியும்?" இது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் குறைந்துவிட்டது. "ஆசிரியர்களுக்கும் கொஞ்சம் உற்சாகம் வேண்டாமா?" என்பவர்களுக்கு மட்டும் பதில் சொல்லப் போவதில்லை. கணக்கைப் பேசினால் உற்சாகம் போய்விடும் என்று நினைப்பவர் எதற்குக் கணக்கு நடத்துகிறார்?

நான் பயிற்சிக்கே எதிரி இல்லை. ஜப்பானில் செய்வது மாதிரி நாங்கள் நான்கு பேர் ஒருமுறை சேர்ந்து ஒரே ஒரு தசம பாடத்தைத் தயாரித்தோம். நான் நடத்தினேன், மற்ற மூவரும் என்னைப் பார்க்காமல் பிள்ளைகளின் நோட்டைப் பார்த்தார்கள். 0.8-ஐ விட 0.35 பெரியது என்று ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். 35 பெரியதல்லவா, அதனால்! முன்வரிசையில் சத்தமாக வந்த சரியான பதிலைக் கேட்டு நான் அடுத்த கணக்குக்குப் போய்விட்டிருந்தேன். அன்று சார்ட் இல்லை, சான்றிதழ் இல்லை, போட்டோ இல்லை. நான் போன பயிற்சிகளிலேயே உருப்படியானது அதுதான்.

சிரித்தவர்களில் அந்த நான்கு பேரில் ஒருவரும் இருந்தார். அதைத்தான் இரண்டு நாளாக விழுங்க முடியவில்லை. சாயங்காலம் பக்கத்தில் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாரும் சிரிச்சாங்கன்னு சிரிச்சேன்" என்றார். நானும் சிரித்துவைத்தேன். பின்னூட்டப் படிவத்தில் 'மிக நன்று' என்று டிக் போட்டதும் நான்தான். கையெழுத்துப் போட்டு வெளியே வந்தால் போதும் என்று இருந்தது.

அப்புறம், அந்தப் பதிவைப் போட்ட சாருக்கு. இரண்டேகாலை முக்காலால் வகுக்க ஒரு கதை எழுதி அதே குரூப்பில் போடுங்கள். மூன்று பேருக்குப் பங்கு வைக்கிற கதை செல்லாது.