இரத்தம் மட்டும் பார்த்தால் போதாது

வயதான வீட்டுப் பூனைக்குச் சிறுநீரக நோய் இருக்கிறதா என்று அறிய, வருடம் ஒருமுறை இரத்தத்தில் கிரியேட்டினின் (தசையில் உண்டாகி, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) பார்த்தால் போதும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அது சரிவராது. சிறுநீரகத்தின் முக்கால்வாசி வேலை நின்ற பிறகுதான் கிரியேட்டினின் வழக்கமாக ஏறும். மெலிந்த கிழட்டுப் பூனையில் அதுகூடக் குறைத்துத்தான் காட்டும். சிறுநீர் அடர்த்தியையும் பார்க்க வேண்டும். 1.035-க்குக் கீழே, அதாவது சிறுநீர் நீர்த்திருந்தால், யோசிக்க வேண்டியதுதான்.

இங்கே கல்லடியில் எங்கள் பூனை மூத்திரம் போகும் தட்டில் கடல் மணல்தான். மூத்திரம் முழுவதையும் மணல் உறிஞ்சிவிடும், சோதனைக்கு மிஞ்சாது. தட்டைக் கழுவி, மீன்தொட்டிக்குப் போடும் கூழாங்கல்லைப் பரப்பிவிட்டால் மூத்திரத்தை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கலாம். அதை மட்டக்களப்பு வெயிலில் வெளியே வைக்காதீர்கள், மிருக வைத்தியரிடம் கொண்டுபோகும்வரை பிரிட்ஜில் இருக்கட்டும் (வீட்டில் ஏச்சு விழும், பரவாயில்லை). அப்புறம், பத்து வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இவற்றைப் பார்க்க வேண்டும், இரத்த அழுத்தமும் சேர்த்து.